கொடுத்த மன்றாட்டைத் திரும்பப் பெற வழி உண்டா?

ராயபுரம்,
பாஸ்கா காலம், மூன்றாம் வாரம், திங்கள்.

‘மனத்தூபம்’ மாத இதழின் ஆசிரியர் தந்தை அவர்களுக்கு, புனித மோனிக்கா அன்பியத்தின் பொறுப்பாளர் ஜெனோவா ஆன்றோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்களுக்கும், தங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துகிறவர், முகவரி ஒட்டுகிறவர், கட்டுக் கட்டித் தபாலில் சேர்க்கிறவர் அனைவருக்கும் உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும். இங்கு நாங்கள் அனைவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் பொய்யாகிவிடும். ஜெபப் பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தில் முதல் பத்தியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான் உங்கள் பழைய வாசகி. காசிமேட்டில் என் கணவர் ஆன்றோவுக்குக் கயிறு, வலை, படகுப் பெயிண்ட் விற்கும் கடை இருக்கிறது. பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்கு என் பொறுப்பு. காலையில் கடை திறந்த பிறகு, முதல் ஆள் வந்து நைலான் கயிற்றை இழுத்துப் பார்ப்பதற்கு முன் கிடைக்கும் சொற்ப நேரத்தில், கல்லா மேஜைமேல் மனத்தூபத்தை விரித்து அன்றைய வாசகத்தையும் அதன் கீழே உள்ள சிந்தனையையும் படிப்பேன். படிக்கிற திருப்பாடலில் அமைதி இருக்கும். வாசலில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் ஹாரன் இருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் என் ஜெபம். எனக்கு அது போதுமானதாகவே இருந்தது. அச்சடித்த ஜெபத்தில் ஒரு பெரிய வசதி உண்டு, தந்தையே: அதில் நான் இல்லை. யாரோ ஒரு நல்லவர் எனக்காக எழுதிவைத்த பணிவையும் மன்னிப்பையும் நான் வாசித்தால் போதும். அந்த நேரத்துக்கு அவை என்னுடையவை ஆகிவிடும்.

எங்கள் அன்பியமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் கொஞ்சம் குடும்பங்கள் செவ்வாய்க்கிழமை மாலை ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு, பைபிள் வாசகம், பிறகு மன்றாட்டு, கடைசியில் அந்தோணியார் ஜெபம், தேநீர். மன்றாட்டை உங்கள் இதழின் பின்னட்டையைப் பார்த்து வாசிப்போம். திருத்தந்தைக்காக, ஆயர்களுக்காக, நாட்டை ஆள்வோருக்காக, பருவ மழைக்காக. ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லோரும் சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்போம். யாருக்கும் யார்மேலும் வருத்தம் இல்லை. திருத்தந்தை எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை. பருவ மழைக்கும் எங்களுக்கும் வாய்த்தகராறு கிடையாது.

ஜனவரி இதழில், “புத்தகத்தை மூடுங்கள், மனதைத் திறங்கள்” என்று ஒரு கட்டுரை வெளியிட்டீர்கள். அச்சடித்த மன்றாட்டு ஆண்டவருக்கு அலுத்துவிட்டிருக்கும், அவரவர் சொந்த வார்த்தையில், சொந்தத் தேவையை, சபை நடுவில் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நாங்கள் கீழ்ப்படிதல் உள்ளவர்கள். புத்தகத்தை மூடினோம்.

முதலில் மனதைத் திறந்தவர் எபினேசர் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்காக சி.எஸ்.ஐ. திருச்சபையிலிருந்து எங்கள் சபைக்கு வந்தவர். வரும்போது மற்றதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, ஜெபத்தின் நீளத்தை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். அவர் கண்ணை மூடி, “பொதுவழியை மறித்துத் தன் குட்டியானை வண்டியை நிறுத்தும் சகோதரனின் இருதயத்தை ஆண்டவர் தொட வேண்டுமென்று மன்றாடுகிறோம்” என்றார். எங்கள் தெருவில் குட்டியானை வைத்திருக்கும் சகோதரன் ஒருவர்தான், பிஸ்கட் மொத்த வியாபாரம் செய்யும் பொன்ராஜ். அவர் என் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தார். தந்தையே, இந்த இடத்தைத்தான் உங்கள் கட்டுரையாளர் யோசிக்கவில்லை. மன்றாட்டு முடிந்தால் எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருந்தால் தெரிந்துவிடும். தன் வண்டிக்கு எதிரான மன்றாட்டுக்கு பொன்ராஜும் எங்களோடு சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த செவ்வாய் பொன்ராஜ் தயாராக வந்தார். “நெடிய ஜெபத்தினால் பிள்ளைகளின் பரீட்சைப் படிப்பைக் கெடுக்கும் மூத்தோருக்குச் சுருங்கச் சொல்லும் வரத்தை அருள வேண்டுமென்று” மன்றாடினார். எல்லோரையும்விட உரக்கப் பதில் சொன்னவர் எபினேசர் அண்ணன்தான். அந்த மூத்தோர் யார் என்று அவருக்குப் புரியவே இல்லை. அதன் பிறகு எங்கள் அன்பியம் களைகட்டிவிட்டது. காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியைக் காலி செய்கிறவர்களுக்காக, வாசலில் குப்பையை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளிக் கூட்டுகிறவர்களுக்காக, இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையை மறந்துபோனவர்களுக்காக என்று வாராவாரம் மன்றாட்டு குவிந்தது. நேரில் ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் இல்லாத எல்லோரும் ஆண்டவரை நடுவில் உட்காரவைத்துப் பேசத் தொடங்கினார்கள். வராதவர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். வராவிட்டால் தங்களைப் பற்றி என்ன ஜெபிப்பார்களோ என்ற பயம்தான். கல்லூரியில் படிக்கும் என் மகள் அனிஷா ஒருநாள் இருந்து பார்த்துவிட்டு, “அம்மா, நீங்கல்லாம் ஆண்டவருக்கு சி.சி. போட்டு ஒருத்தருக்கொருத்தர் மெயில் அனுப்பிக்கிறீங்க” என்றாள். பங்குத்தந்தை மட்டும் வருகைப் பதிவைப் பார்த்து மகிழ்ந்து, எங்களுடையதுதான் பங்கிலேயே முன்மாதிரி அன்பியம் என்று ஞாயிறு பூசையில் அறிவித்தார்.

இதில் அடங்காதவர் ரேகா ஒருவர்தான். ரேகா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர், விசைப்படகு வைத்திருக்கிற வீடு, எங்கள் கடைக்குப் பெரிய வாடிக்கை. நம் வேதத்தைச் சேர்ந்தவர் இல்லை, ஆனால் அந்தோணியாருக்கு ஏதோ நேர்ந்துகொண்டு, செவ்வாய்தோறும் கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டு வந்து வாசற்படியிலேயே நிற்பார். ஒருநாள் எபினேசர் அண்ணன், “மொட்டை மாடியின் காற்றை மாசுபடுத்தும் உலர்ந்த வஸ்துக்களை அகற்றியருள” மன்றாடினார். நாங்கள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

“இன்னா சார், என் கருவாட்டத்தான சொல்ற?”

எபினேசர் அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை.

“எங்கைல சொல்லிகினா எட்த்துற மாட்டனா? அதுக்கு இன்னாத்துக்கு அவர போயி மேலருந்து எறக்கிகினு?”

மறுநாள் கருவாடு அங்கே இல்லை. அதற்கடுத்த செவ்வாயில் எபினேசர் அண்ணன், ஜெபம் கேட்கப்பட்டது என்று எழுந்து நின்று சாட்சி சொன்னார். ரேகா தலையில் அடித்துக்கொண்டார்.

இதுவரை எழுதியதெல்லாம் சிரிக்கிற விஷயம். நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல, என் மதினிக்காக.

தங்கபுஷ்பம் மதினி என் கணவரின் அக்கா. தூத்துக்குடியில் அம்மா இறந்தபோது ஆன்றோ சின்னப் பிள்ளை, வளர்த்தது மதினிதான். கன்னியர் பள்ளி ஒன்றில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. எங்களோடு வந்து இருங்கள் என்று நாங்கள் கேட்காத வருஷம் இல்லை. “எனக்கு என் அடுப்பு வேணும்ட்டி” என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பிட்டு, ஆன்றோவைத் திட்டி, அனிஷாவின் சுடிதாரில் தையல் பிரிந்த இடத்தைக் கண்டுபிடித்து, மாலையில்தான் போவார். திட்டுவதெல்லாம் தூத்துக்குடித் தமிழில். ஜெபம் மட்டும் இலக்கணத் தமிழில். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிறது என்று தெரியாதவர்கள் நம்பமாட்டார்கள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் நாங்கள் இரண்டு பேரும் வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்கப் போனோம். திரும்பும்போது மெட்ரோவில் நகரும் படிக்கட்டில் மேலே போய்க்கொண்டிருந்த மதினி, பேச்சை நிறுத்திவிட்டு, என் தோளைப் பிடித்து, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். படி மேலே போய்ச் சேர்ந்ததும் நானும் பின்னால் வந்த ஒரு பெண்ணும் சேர்ந்து இழுத்து ஓரமாக உட்காரவைத்தோம். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் குடித்த பிறகு முதல் வார்த்தையாக, “பை எங்கட்டி?” என்றார். இரண்டாவதாக, “இது முதல் தடவ இல்ல. ஆன்றோகிட்ட மூச்சு விட்டுராத. அவன் கடையப் பூட்டிட்டு என் தலமாட்டுல வந்து உக்காந்துருவான்” என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன். அதற்கு அவர் சொன்னதை ஜெபப் பத்திரிகைக்கு எழுத முடியாது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். தராசில் கயிறு நிறுக்கும்போதும் அந்தப் படிக்கட்டு ஓடிக்கொண்டே இருந்தது. குளியலறையில் விழுந்தால் யார் பார்ப்பார்கள், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று மனம் ஒன்றையே அரைத்தது. அடுத்த செவ்வாய் அன்பியம் எங்கள் வீட்டில். எல்லோரும் வண்டி, மோட்டார், இட்லிக் கொப்பரை என்று மன்றாடி முடித்த பிறகு என் முறை வந்தது. உங்கள் கட்டுரை சொன்னபடி மனதைத் திறந்தேன். “தனிமையில் வாழ்ந்து, தலைசுற்றி விழுந்தும் பிறரிடம் சொல்லாமல் மறைக்கும் எங்கள் அன்புக்குரிய ஒருவரை ஆண்டவர் தாங்கிக்கொள்ள வேண்டுமென்று” சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. ஜனவரியிலிருந்து அந்த அறையில் சொல்லப்பட்டவற்றுள் உண்மையான மன்றாட்டு அது ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் வந்திருந்தவர்களின் காது பழகிப்போயிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்து, இது யாருக்கு விழுந்த அடி என்று தேடி, மதினியைக் கண்டுபிடித்தார்கள். மதினி நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் மேலாக, கணீரென்று, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார். பிறகு தேநீர் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். ஆன்றோகிட்ட சொல்லாதே என்றுதானே சொன்னார், ஆண்டவரிடம் சொல்லாதே என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஆன்றோ என் எதிரில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு மதினி வரவில்லை. தூக்கில் மீன் குழம்பு ஊற்றி அனிஷாவிடம் கொடுத்தனுப்பினேன். தூக்கு கழுவித் துடைத்துக் காலியாகத் திரும்பி வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு முருங்கைக்காய், ஒரு பிடி சர்க்கரை, எதுவும் இல்லாவிட்டால் நாலு கறிவேப்பிலையாவது போடாமல் பாத்திரத்தைத் திருப்ப மாட்டார்கள். அந்தக் காலித் தூக்கைப் பார்த்துவிட்டு ஆன்றோ கடைக்குப் போனார்.

அதற்கடுத்த செவ்வாய் மதினி வந்தார், மன்றாட்டோடு. “வீட்டில் கேட்டதை வீதியில் வைக்கும் நாவுகளுக்கு நல்லதொரு பூட்டை அருள வேண்டுமென்று” மன்றாடினார். நானும் பதில் சொன்னேன். வேறு என்ன செய்வது? என் நாக்குக்குப் பூட்டுக் கேட்டு அதே நாக்கால் மன்றாடினேன். அடுத்தடுத்த வாரங்களிலும் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. ஆண்டவர் வழியாகவே எல்லாம் நடந்தது. அவர் பொறுமைக்காக மன்றாடினால் அது எனக்கு; நான் மன்னிப்புக்காக மன்றாடினால் அது அவருக்கு. குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய கூட்டத்தில் மதினி கண்ணை மூடி, வரவழைத்த நிதானத்தோடு, “தூத்துக்குடியில் சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அடியாளுக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்” என்றார்.

பழக்கம் எவ்வளவு பொல்லாதது பாருங்கள். நாங்கள் எல்லோரும், நான் உட்பட, இழுத்த மூச்சோடு, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொல்லிவிட்டோம். ஆன்றோவும் சொன்னார். போனில் ஏதோ ஆர்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சொல்லி முடித்த பிறகு தலையைத் தூக்கி, “யாருக்கு இடம்?” என்றார்.

கேட்டருளினார், தந்தையே. எத்தனை வருஷமாக நல்ல மழை கேட்கிறோம், கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலக்காமல் இருக்கக் கேட்கிறோம், அதெல்லாம் இன்னும் வரிசையில் நிற்கிறது. இதற்கு மட்டும் அந்த வாரமே தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது. ஜன்னலோர அறை ஒன்று காலியாகிறதாம், பாஸ்கா திருநாளுக்குப் பிறகு வரலாமாம். பங்குத்தந்தை அதையும் பூசையில் அறிவித்து, அன்பிய ஜெபத்தின் வல்லமை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், ஆன்றோ கைதட்டும் ஓசையைக் கேட்க முடியாதவர்போல் காதை மூடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் செய்யாத முயற்சி இல்லை. அந்தோணியாரிடம் போனேன், அவர் காணாமல் போனதைத் தேடித் தருபவர், மதினி காணாமல் போகவில்லை, இரண்டு தெரு தள்ளிப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். பங்குத்தந்தையிடம் போய், கொடுத்த மன்றாட்டைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அடுத்த அறிவிப்பை எழுதப் போய்விட்டார். எபினேசர் அண்ணனிடம் நிலைமையைச் சொல்லி, உங்கள் ஜெபம் நீளமானது, அதில் எங்கேயாவது மதினி இங்கேயே இருக்க வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள் என்றேன். அவர் மனமுருகி, மதினியின் குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்கி, ஆறு ஏரியெல்லாம் சுற்றி, கடைசியில் வழி தவறி, பயணம் நல்லபடி அமையவும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் கீழ் படுக்கை கிடைக்கவும் மன்றாடி முடித்துவிட்டார். காத்திருப்போர் பட்டியலில் இருந்த டிக்கெட் மறுநாள் உறுதியானது. கீழ் படுக்கை.

ஆன்றோவின் முயற்சி வேறு விதம். பெட்டி கட்டக் கயிறு வேண்டும் என்று மதினி கடைக்கு ஆள் அனுப்பினார். ஆன்றோ, “கயிறு ஸ்டாக் இல்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் அதைச் சொன்னபோது முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் கயிறு. பிறகு மதினியே போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டது.

“ஏல, கயித்துக் கடையில கயிறு இல்லையா?”

“இல்லக்கா. லோடு வரல.”

“மீனவனுக்கெல்லாம் என்னத்த விக்குத?”

“பெயிண்ட்டு.”

பிறகு, “சேலயக் கிழிச்சுக் கட்டிக்கிடுதேன். வையி” என்றார்.

இவர் போனை வைத்துவிட்டு என்னிடம், “நீ அன்னிக்கு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா, ஜெனோவா. நேரா எங்கிட்ட” என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதை நான் நிறைய யோசித்தேன். அன்று நான் கண்ணை மூடிச் சொன்னது ஆண்டவரிடமா, எதிரில் உட்கார்ந்திருந்த ஆன்றோவிடமா? கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும், அவருக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேனா? அப்படியானால் எபினேசர் அண்ணனின் குட்டியானைக்கும் என் கண்ணீருக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்விக்கு உங்கள் கட்டுரையில் விடை இல்லை; இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். மனதைத் திறக்கச் சொன்னவர்கள், எந்தப் பக்கம் பார்த்துத் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

வருகிற வெள்ளி மதினிக்கு ரயில். நாளை செவ்வாய், கடைசிக் கூட்டம் அவர் வீட்டில்தான். ஆகவே, ஆசிரியர் தந்தையே, என் கேள்வி ஒன்றே ஒன்று. சபையாக ஒருமனப்பட்டுக் கேட்டு, மேலிடத்தில் ஏற்கப்பட்டும் விட்ட ஒரு மன்றாட்டைத் திரும்பப் பெறுவதற்குத் திருச்சபையில் ஏதாவது முறை இருக்கிறதா? இருந்தால் அடுத்த இதழில் வெளியிடுங்கள். இல்லையென்றால், ஜனவரிக் கட்டுரை தவறு, வாசகர்கள் புத்தகத்தைத் திறந்து மனதை மூடிக்கொள்ளவும் என்று ஒரு திருத்தமாவது போடுங்கள். அதுவரை என் சந்தாவை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் ஜெபத்தில் எங்களை நினைக்க வேண்டாம். நினைத்தே தீருவீர்கள் என்றால், பெயர், விவரம் எதுவும் சொல்லாமல் பொதுவாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இயேசு மரி சூசையின் அன்பு தங்கள் அச்சகத்தையும் அதன் மை, காகிதம் அனைத்தையும் காப்பதாக.

கிறிஸ்துவில் தங்கள்,
ஜெனோவா ஆன்றோ.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டவில்லை. இன்று ஞாயிறு. இடையில் நடந்ததைச் சொல்லாமல் அனுப்பினால் மேலே எழுதியதெல்லாம் தப்பாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை மதினி வீட்டில் சுவரோரமாகச் சேலைக் கிழிசலால் கட்டிய பெட்டிகள். நான் யாருக்கும் வாய்ப்புக் கொடுக்காமல் உங்கள் பின்னட்டையைப் பார்த்து வாசித்தேன். திருத்தந்தை, ஆயர்கள், ஆள்வோர், மழை. எல்லோருக்கும் நிம்மதி, பொன்ராஜும் எபினேசர் அண்ணனும் ஒரே மூச்சில் பதில் சொன்னார்கள். முடித்துவிட்டு இதழை மூடினேன். அப்போதுதான் கவனித்தேன், ரேகா வாசற்படியில் இல்லை. உள்ளே வந்து மதினிக்கு எதிரில் பாயில் உட்கார்ந்திருந்தார்.

“முட்ச்சிட்டீங்களா? நான் பேசலாமா?” என்றார். “அக்கா, நான் சாமிகைல சொல்லல. உங்கைலதான் சொல்றேன். அங்க போயி இன்னா பண்ணப் போற நீ? அங்க போனா தல சுத்தாதா? சுத்தறது இங்கயே சுத்தட்டும், நாங்க புட்ச்சிக்கிறோம். போவாத.”

தந்தையே, அப்படி நேராக ஒருவர் முகத்தைப் பார்த்து யாராவது கேட்டு எங்கள் காதுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அடுத்து என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். எபினேசர் அண்ணன் “ஆண்டவரே” என்று எடுத்தார், எல்லோரும் மதினியைப் பார்த்துக்கொண்டே, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று முடித்தோம். அதில் ஒரு குரல் தூத்துக்குடிக் குரல். பழக்க தோஷத்தில் மதினியும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். ஆன்றோ எழுந்து சமையலறைப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது, சிரிப்பா மற்றதா என்று நான் பார்க்கப் போகவில்லை.

“பிடிச்சுக்கிடுவியளோ?” என்றார் மதினி கடைசியில். “என் வெயிட்டு என்னன்னு தெரியுமாட்டி உனக்கு?”

“நான் தூக்காத வெயிட்டா? சொம்மா இரு அக்கா.”

இருக்கிறேன் என்று மதினி சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார், சர்க்கரை கூட இருந்தது. வெள்ளிக்கிழமை ரயில் போனது, அவர் போகவில்லை. தூத்துக்குடிச் சகோதரிகளுக்கு நானே போன் செய்து சொன்னேன். அந்த ஜன்னலோர அறைக்கு வேறொரு அம்மா நெடுநாளாகக் காத்திருந்தாராம். அவரும் எங்கேயோ மன்றாடியிருப்பார் போலும்.

இன்று பூசை முடிந்து மதினி வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேஜையில் இந்தக் கடிதம் கிடந்தது. கேட்காமல் எடுத்து, கண்ணாடி போட்டு, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். படித்து முடித்து மடித்துவைத்துவிட்டு, “நாளைக்குக் காலையில டாக்டரப் பாக்கப் போவோம். நீ வா. ஆன்றோவும் வரட்டும். வாய மூடிக்கிட்டு வாங்க” என்றார். பிறகு என் மகளிடம் தட்டு எடுத்துவரச் சொன்னார்.

ஆகவே சந்தாவை நிறுத்த வேண்டாம், திருத்தமும் வேண்டாம். மூடுவதா திறப்பதா என்பதை நாங்கள் அந்தந்தச் செவ்வாய் பார்த்துக்கொள்கிறோம். ஒன்றே ஒன்றுதான் தங்களால் ஆக வேண்டியது. தங்கபுஷ்பம், சந்தாதாரர், ராயபுரம் என்ற பெயரில், இனிமேல் இதழைத் தூத்துக்குடி முகவரிக்கு அனுப்பச் சொல்லி ஓர் அஞ்சலட்டை தங்களுக்கு வந்திருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிடவும். பழைய முகவரிக்கே அனுப்பவும். இந்தக் கடைசி வரிகள் என்னுடையவை அல்ல. மதினி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன்.